வலசைப் பறவைகளைச் செயற்கைக்கோள் கருவியால் பின்தொடர்வது எப்படி?

நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் உள்ள டோயாங் நீர்த்தேக்கப் பகுதிக்கு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமூர் வல்லூறுகள் பெருங்கூட்டமாக வந்து தங்குகின்றன. அங்கே அவை வலைகளில் சிக்கவைத்துப் பெரும் எண்ணிக்கையில் கொல்லப்படுவது 2012-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. மறு ஆண்டே ஊர் மக்கள் வேட்டையைக் கைவிட்டனர். 2013 நவம்பரில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஹங்கேரிய வல்லுநர்களின் துணையோடு, மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, நாகா, வோக்கா, பாங்டி என்று பெயரிட்டுப் பறக்கவிட்டனர். ஏறத்தாழ 150 கிராம் எடையே உள்ள இந்த இனம் இந்தியத் தீபகற்பத்தைத் தாண்டி, அரபிக்கடலின் மேல் எங்கும் இறங்காமல் பறந்து சோமாலியாவை அடைந்து, பின்பு ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் செல்கிறது என்பதை அந்தக் கருவிகள் நாள்வாரியாகக் காட்டின. கால்வளையம் இதைக் காட்டியிருக்காது. வளையம் மாட்டிய பறவையை வேறொருவர் வேறோரிடத்தில் மீண்டும் பிடித்தாலோ கண்டாலோ மட்டுமே செய்தி கிடைக்கும். அப்போதும் இரண்டு புள்ளிகள் தெரியுமே தவிர, இடைப்பட்ட வழி தெரியாது.

இத்தகைய ஆய்வில் இறங்க விரும்பும் மாணவர்களும், ஆய்வுக் குழுக்களுக்குத் துணைநிற்கும் பறவை ஆர்வலர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: எவ்வளவு சிறிய கருவியானாலும் பறவைக்கு அது சுமைதான். நாம் கேட்கும் கேள்வி அந்தச் சுமைக்குத் தகுதியானதா என்பதை முடிவு செய்யாமல் கருவி வாங்கக் கூடாது.

எனவே கேள்வியை எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள். “இந்தப் பறவை எங்கே போகிறது?” என்பது ஆவலைத் தெரிவிக்கிறதே தவிர, ஆய்வுக்குப் போதாது. இலங்கையின் மன்னார்த் தீவில் குளிர்காலத்தைக் கழிக்கும் கடற்காகங்கள் எந்தக் கடற்கரையோரமாக வடக்கே செல்கின்றன, வழியில் எந்த ஈரநிலங்களில் எத்தனை நாள் தங்குகின்றன, காற்றாலைகள் அமையவிருக்கும் இடத்தை எவ்வளவு உயரத்தில் கடக்கின்றன என்பவைதாம் கருவியால் மட்டுமே விடை காணக்கூடிய கேள்விகள். ஒரு குளத்துக்கு ஆண்டுதோறும் அதே பறவைகள் வருகின்றனவா என்பதை அறிய வண்ண வளையமும் தொலைநோக்கியும் பொறுமையும் போதும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வளையமிடும் பணி, அத்தகைய கேள்விகளுக்குக் குறைந்த செலவில், பறவைக்கு மிகக் குறைந்த தொல்லையோடு விடை தந்திருக்கிறது.

எடைக் கணக்கு

கருவியின் எடை பறவையின் உடல் எடையில் 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. முன்பு 5 விழுக்காடு வரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. நெடுந்தூரம் பறக்கும் இனங்களுக்கு அதை ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து. இரண்டு கிலோ எடையுள்ள வரித்தலை வாத்துக்கு 60 கிராம் வரை இடமிருக்கிறது. ஒரு கிலோ கடற்காகத்துக்கு 30 கிராம். 150 கிராம் வல்லூறுக்கோ 4.5 கிராம்தான், சூரிய ஒளியில் இயங்கும் 5 கிராம் கருவியே அதற்குச் சற்றுக் கூடுதல். ஆகவே அத்தகைய இனத்தில் பிடிபடும் பறவைகளுள் எடை மிகுந்தவற்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கில் கருவியை மட்டும் சேர்த்தால் போதாது. சேணம் (கருவியைப் பறவையின் உடலோடு கட்டும் நாடா), பசை, நூல், கால்வளையம் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். அதேபோல், வலசைக்கு முன் கொழுப்பேறிய உடலின் எடையை அடிப்படையாகக் கொள்ளாமல், கொழுப்பு கரைந்தபின் இருக்கும் எடையைக் கொள்ளுங்கள். பயணத்தின் கடைசிப் பகுதியில் பறவை அந்த உடலோடுதான் கருவியைச் சுமக்கிறது.

எந்தக் கருவி?

முதல் வகை, செயற்கைக்கோள் வழியே இடத்தைக் கணிக்கும் ஆர்கோஸ் முறை. அதைப் பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து 1978-இல் உருவாக்கின. பறவையின் முதுகிலுள்ள கருவி 401.65 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நொடிக்கும் குறைவாக நீடிக்கும் குறிப்பை (சிக்னலை) அனுப்புகிறது. ஏறத்தாழ 850 கி.மீ. உயரத்தில் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள் அதைப் பெறுகிறது. நிலையத்தைக் கடந்து செல்லும் ரயிலின் ஊதல் நெருங்கும்போது கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்பதுபோல, செயற்கைக்கோள் பெறும் அலையின் அதிர்வெண்ணும் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு பறவை இருக்கும் இடம் கணிக்கப்படுகிறது. கருவி இடத்தைத் தானே அளப்பதில்லை என்பதால் மின்சாரம் குறைவாகவே செலவாகிறது; கருவியையும் சிறியதாகச் செய்ய முடிகிறது. துல்லியம் குறைவு என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

இரண்டாவது வகை ஜிபிஎஸ் மூலம் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் அளந்து, அந்த அளவை ஆர்கோஸ் வழியாக அனுப்புவது. மூன்றாவது வகை அதே அளவுகளைச் சேமித்துவைத்து, கைப்பேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் பறவை வரும்போது மொத்தமாக அனுப்புவது. இது மலிவானது, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகளைத் தரும். மன்னாரில் கருவி பொருத்தப்பட்ட ஹியூக்ளின் கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை சென்று வந்தது இத்தகைய ஜிபிஎஸ் கருவிகளால்தான் தெரியவந்தது. ஆனால் கோபுரமே இல்லாத துந்திரப் பனிவெளியிலோ பாலைவனத்திலோ பறவை இருக்கும் மாதங்களில் எதுவும் வராது. செலவும் எதிர்பாராமல் ஏறலாம்: 2019-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் பின்தொடர்ந்த புல்வெளிக் கழுகுகள் கோடை முழுதும் கஜகஸ்தானில் கோபுர எல்லைக்கு வெளியே இருந்துவிட்டு, பின்பு ஈரானை அடைந்து, சேர்ந்திருந்த குறுஞ்செய்திகள் அனைத்தையும் வெளிநாட்டு ரோமிங் கட்டணத்தில் அனுப்பியதால் குழுவின் பணமெல்லாம் தீர்ந்துபோனது, பொதுமக்கள் நன்கொடை தந்து உதவினார்கள். வலசைப் பாதையில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் ரோமிங் கட்டணம் என்ன என்பதைக் கருவி வாங்குமுன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

சூரியத் தகடு உள்ள கருவியைத் திறந்தவெளியில் வாழும் பறவைகளுக்கே தேர்ந்தெடுக்க வேண்டும். அடர்ந்த காட்டுக்குள் வாழ்பவற்றுக்கும் இரவாடிகளுக்கும் அது பயன்படாது. முதுகின் இறகுகள் தகட்டை மூடிவிடுவதும் உண்டு. கருவிக்கு அடியில் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆன மெல்லிய திண்டு ஒட்டிச் சற்றே உயர்த்துவது வழக்கம்.

அனுமதி

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி இன்றி எந்தக் காட்டுப் பறவையையும் ஆய்வுக்காகப் பிடிக்க முடியாது. அச்சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகுந்த பாதுகாப்புக்குரிய இனங்களின் பட்டியலில், உள்ள இனமானால் மத்திய அரசின் ஒப்புதலும் தேவை. வானொலி அலை பரப்பும் கருவி என்பதால் இறக்குமதிக்கும் பயன்பாட்டுக்கும் தனி அனுமதி உண்டு. இலங்கையில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தை அணுக வேண்டும். இவற்றுக்கு ஒரு பருவம் முழுதும் கழிந்துவிடலாம் என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

பிடிப்பதும் பொருத்துவதும்

கருவி கையில் கிடைத்தவுடன், களத்துக்குச் செல்லுமுன், அதை வெயிலில் திறந்த மொட்டைமாடியில் சில நாள் வைத்து இயக்கிப் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும். கருவி சொல்லும் இடம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் குறித்துவைத்தால், பின்னர் வரும் புள்ளிகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தெரிந்துவிடும். பல கருவிகள் தம்மேல் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்தால்தான் இயங்கத் தொடங்கும். அந்தக் காந்தம் எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் பொறுப்பைப் பறவையைக் கையாளாத ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பறவையைக் கையில் பிடிக்கும் பயிற்சியை எழுத்தால் தர முடியாது. வளையமிடும் முகாம்களில், அனுபவம் மிக்கவரின் கண்முன், பல இனப் பறவைகளைக் கையாண்டு பழகியபின்னரே கருவி பொருத்தும் கட்டத்துக்கு வர வேண்டும். நம் கடற்கரைகளில் காலை ஏறியதும் வெப்பம் பறவையைத் தளர்த்திவிடும்; ஆதலால் விடியற்காலையிலோ நிழலிலோ மட்டும் வேலை நடக்கட்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் பொருத்த, மூன்றாமவர் மூச்சையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். கண்ணை மூடும் மெல்லிய துணித் தலைமூடி பெரும்பாலான பறவைகளை அமைதிப்படுத்துகிறது. வாயைத் திறந்து மூச்சிரைத்தால், கண்கள் சொருகினால், பாதி வேலையில் இருந்தாலும் நிறுத்திப் பறவையை விட்டுவிடுங்கள். எடை குறைந்தது, இறக்கைச் சிறகுகள் உதிர்ந்து முளைப்பது, காயமுள்ளது ஆகியவற்றுக்குக் கருவி பொருத்தவே கூடாது.

சேணத்தில்தான் இந்த ஆய்வின் நல்லதும் கெட்டதும் அடங்கியிருக்கின்றன. கழுகு, வல்லூறு, வாத்து போன்றவற்றுக்கு டெஃப்லான் நாடாவால் மார்பைச் சுற்றிக் கட்டும் முதுகுச் சேணமும், கரைப்பறவைகளுக்கு இரு தொடைகளைச் சுற்றும் சேணமும் பயன்படுகின்றன. இறுக்கமாகக் கட்டினால் கொழுப்பேறும்போது தோல் அறுபடும். தளர்வாகக் கட்டினால் இறக்கையோ அலகோ நாடாவில் மாட்டிக்கொண்டு பறவை சாகும். அலாஸ்காவிலிருந்து கிளம்பும் பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை புறப்படுமுன் உடலெங்கும் கொழுப்பேற்றிக்கொண்டு, பயணத்தில் அதையெல்லாம் எரித்துவிடுகிறது. இப்படி உருமாறும் உடலுக்கு நெகிழும் நாடாவால் ஆன தொடைச் சேணமே பொருந்தும். 2022 அக்டோபரில் அவ்வினத்தின் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கி.மீ. இடைநில்லாமல் பறந்ததை 5 கிராம் கருவி ஒன்று காட்டியது. 2007-இல் இதே இனத்தின் ஈ-7 என்னும் பெண் பறவையின் வயிற்றுக்குள் அறுவை செய்து கருவி பொருத்தியிருந்தார்கள். அதுவும் நியூசிலாந்தை இடைநில்லாமல் அடைந்தது. வெளியே பொருத்தக்கூடிய சிறு கருவி வந்துவிட்ட பிறகு, அறுவையைக் கடைசி வழியாகவே கருத வேண்டும்.

நாடாவின் ஓரிடத்தையாவது பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். காலப்போக்கில் நூல் இற்று, சேணம் தானே கழன்று விழும். பறவை வாழ்நாள் முழுதும் செயலிழந்த கருவியைச் சுமக்க வேண்டியிருக்காது. முடிச்சுகளில் ஒரு துளி பசை போதும். அது இறகில் படக் கூடாது. இறுதியில் மீண்டும் எடை பார்த்து, தலைமூடியை எடுத்து, தண்ணீரும் நாயும் வலையும் இல்லாத திறந்த இடத்தில் தரையில் வைத்து விடுங்கள். வானில் வீசக் கூடாது. பறந்த பின்னும் கண்ணுக்கு மறையும்வரை தொலைநோக்கியால் பார்த்து, இறக்கை சமமாக அடிக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரும் புள்ளிகளைப் படிப்பது

ஆர்கோஸ் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தரம் இடுகிறது. 3 என்றால் பிழை 250 மீட்டருக்குள். 2 என்றால் 500 மீட்டருக்குள். 1 என்றால் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள். 0 என்றால் அதற்கு மேல். ஏ, பி என்ற தரங்களுக்குப் பிழையளவே தரப்படுவதில்லை. செயற்கைக்கோளின் பாதைக்கு இருபுறமும் இரு விடைகள் கிடைப்பதால், சில நேரம் தவறான பக்கம் தேர்வாகி, நேற்று ஒடிசாவில் இருந்த பறவை இன்று நடுக்கடலில் நிற்பதாகத் தோன்றும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே வேகத்தைக் கணக்கிட்டு, அந்த இனத்தால் இயலாத வேகம் வந்தால் அதை விலக்குவதே முதல் வடிகட்டல். மேக்ஸ் பிளாங்க் விலங்கு நடத்தை ஆய்வு நிறுவனம் நடத்தும் மூவ்பேங்க் என்னும், விலங்குகளின் இடப்பெயர்வுத் தரவுகளைச் சேமிக்கும் இணையதளத்தில் இதற்கான மென்பொருள் வசதிகள் உள்ளன. விலக்கிய புள்ளிகளை அழித்துவிடாமல் குறியிட்டு வைத்திருங்கள்.

குறிப்பு வராமல் போனால் உடனே பறவை இறந்ததாக முடிவுகட்ட வேண்டாம். மின்கல அழுத்தம் மெல்ல மெல்லத் தாழ்ந்து நின்றிருந்தால் தகட்டை இறகு மூடியிருக்கலாம். நல்ல அழுத்தத்தில் இருந்தது திடீரென நின்றால் கருவி உடைந்திருக்கலாம், பறவை பிடிபட்டிருக்கலாம், கடலில் விழுந்திருக்கலாம். குறிப்பு தொடர்ந்து வந்து, இடமும் அசைவளவும் மாறாமல், வெப்பநிலை மட்டும் பகலிரவோடு ஏறி இறங்கினால் கருவி தரையில் கிடக்கிறது என்று பொருள். அப்போது அருகில் உள்ள வனத்துறையினரையோ பறவை ஆர்வலரையோ தொடர்புகொண்டு தேடச் சொல்லுங்கள். உடலும் சேணமும் கிடைத்தால் சாவுக்குக் காரணம் வேட்டையா, மின்கம்பியா, நாம் கட்டிய நாடாவா என்பது தெரியவரும். மூன்றாவது காரணமானால் அதை மறைக்காமல் வெளியிட வேண்டும்.

பாதையில் உள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே செய்தி சொல்லிவைப்பது அவசியம். கருவி பொருத்திய வெள்ளை நாரை ஒன்று 2013-இல் எகிப்தில் உளவுப் பறவை என்ற ஐயத்தில் பிடித்து அடைக்கப்பட்டது. கருவியின் மேல் தொலைபேசி எண்ணும், ஆய்வுக்கானது என்ற ஒரு வரியும் இருக்கட்டும். பாங்டி ஊரின் பெயரையே பறவைக்குச் சூட்டியதன் பயனும் இங்கேதான் இருக்கிறது: தன் பெயர் தாங்கிய வல்லூறு ஆப்பிரிக்காவை அடைந்ததா என்று ஊரே கேட்கத் தொடங்கியபின், அதைக் காப்பது ஊரின் அக்கறையாகவே ஆகிவிடுகிறது.

ஆனால் ஊர் அறிய வரைபடத்தை வெளியிடும்போது காலம் தாழ்த்தியே வெளியிடுங்கள். வேட்டைக்கு ஆளாகும் இனங்களின் கூடு, இரவில் அடையும் மரம் ஆகியவற்றின் துல்லியமான இடங்களை ஒருபோதும் பொதுவில் வைக்காதீர்கள்; மூவ்பேங்க் தளத்தில் அவற்றை மறைத்துவைக்க வசதி இருக்கிறது. ஆய்வு முடிந்ததும் புள்ளிகளோடு ஒவ்வொரு பறவையின் எடை, கையில் இருந்த நிமிடங்கள், சேணத்தின் நீளம், கடைசிக் குறிப்பின் மின்னழுத்தம் ஆகியவற்றையும் அங்கே பதிந்துவிடுங்கள். ஒரு வாரத்திலேயே தொடர்பறுந்த பறவைகளின் விவரங்களும் அந்தப் பதிவில் விடுபடாமல் இருக்க வேண்டும்.