மலை இறங்குமுன் முடிக்க வேண்டிய வேலைகள்: கல்லூரியில் சேரவிருக்கும் நீலகிரி மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன. முதலாமாண்டு வகுப்புகள் பெரும்பாலும் ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ தொடங்குகின்றன. நடுவில் கிடைக்கும் சில வாரங்களில் செய்ய வேண்டியவற்றை, வீட்டில் இதற்கு முன் யாரும் கல்லூரிக்குப் போகாத ஒரு மாணவரும் தாமாகவே பின்பற்றக்கூடிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் குறைந்தால், காலையில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு மதிய வகுப்பில் வந்து உட்கார்ந்துவிடலாம். மஞ்சூரிலிருந்தோ எருமாட்டிலிருந்தோ போய்க் கீழே விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு அதே வேலைக்கு இரண்டு நாள் வகுப்பும் பேருந்துச் செலவும் போய்விடும். எனவே இந்த விளக்கம் முழுவதும் ஒரே விதியைப் பின்பற்றுகிறது: நம் வட்டத்தில் மட்டுமே முடியும் வேலைகளை மலை இறங்குமுன்பே முடித்துவிட வேண்டும், மற்றவற்றைக் கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: பெயரை ஒத்துப் பாருங்கள்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு மேசையில் வரிசையாக வைத்து, உங்கள் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகிய நான்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெயரின் கடைசியில் ஒன்றில் ஆங்கில 'ஐ'யும் மற்றொன்றில் 'ஒய்'யும் இருக்கலாம். மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்க, ஆதாரில் தந்தையின் முழுப்பெயரும் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பள்ளியில் இவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் உதவித்தொகைக்கான இணையதளத்தில் ஆதாரில் உள்ள பெயரும் பதிவு செய்யும் பெயரும் ஒத்துவராவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

வேறுபாடு இருந்தால் ஆதாரைத்தான் திருத்த வேண்டும். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை. ஆதார் மையத்துக்குப் போகும்போதே உங்கள் கைபேசி எண் அதில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏழாம் வகுப்பில் கொடுத்த பழைய எண் இன்று யாருடைய கையில் இருக்கிறதோ! எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னல் கிடைக்காத இடங்கள் இன்னும் உண்டு. ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுவதால், இத்தகைய வேலைகளைச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்வதே நல்லது.

படி 2: வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நாட்கள் போகும் என்பதால், தேர்வு முடிவுக்குக் காத்திராமல் கடைசித் தேர்வு எழுதிய வாரத்திலேயே இதைத் தொடங்குங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அங்கிருந்து வருவாய் ஆய்வாளரிடமும், பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போகும். நீலகிரியில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், குந்தா என ஆறு வட்டங்கள் இருக்கின்றன. உங்கள் குடும்ப அட்டையின் முகவரி எந்த வட்டத்தில் இருக்கிறதோ அந்த வட்டத்தில்தான் சான்றிதழ் கிடைக்கும். தந்தை வேறொரு எஸ்டேட்டுக்கு மாறிப்போய்க் குடும்ப அட்டை மட்டும் பழைய முகவரியில் இருக்கும் குடும்பங்கள் முதலில் அந்த முகவரியைச் சரிசெய்ய வேண்டும்.

விண்ணப்பித்தபின் ஒப்புகைச் சீட்டிலுள்ள எண்ணைக் கொண்டு நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கிராம நிர்வாக அலுவலரின் பார்வையில் ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் நேரில் போய்ப் பணிவாகக் கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் ஓர் ஆவணம் தெளிவாக ஸ்கேன் ஆகாததுதான் காரணமாக இருக்கும்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும். சாதிச் சான்றிதழை ஒருமுறை வாங்கினால் போதும். சொந்தமாகச் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள், பச்சைத் தேயிலை விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று சொல்லத் திணறுவதுண்டு. தொழிற்சாலையில் கொடுத்த ரசீதுகளை எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுருங்கும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழங்குடியினச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரித்து வழங்குகிறார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் சமூகத்துப் பிள்ளைகள் இதற்காகக் கூடுதல் நாட்களை ஒதுக்க வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலை இணைப்பது விசாரணையை எளிதாக்கும். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், தாத்தா பாட்டி வந்தபோது பெற்ற பழைய ஆவணங்களைப் பெட்டியிலிருந்து இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாள் கிழிந்திருந்தாலும் அதுதான் முதல் ஆதாரம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ், தொழிற்கல்விப் படிப்புகளில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் சேர்வோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை தருவது. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோரில் பட்டதாரி யாரும் இல்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அக்காள் ஏற்கெனவே படித்துப் பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்கு இது கிடைக்காது.

படி 3: விண்ணப்பத்தை நிரப்புங்கள்

அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் அனைத்துக்கும் டிஎன்காசா இணையதளத்தில் ஒரே விண்ணப்பம்தான். அண்மை ஆண்டுகளில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாயும் பதிவுக் கட்டணம் 2 ரூபாயும் பெறப்பட்டன. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் மட்டுமே. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணையும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும், மற்ற பாடங்களுக்கு மொழிகள் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணையும் கொண்டு தரவரிசை அமைக்கிறார்கள். இது தெரியாமல், மொத்த மதிப்பெண் குறைவு என்று எண்ணித் தமிழில் நிறைய மதிப்பெண் வாங்கிய மாணவர் தமிழ் இலக்கியத்தைக் குறிப்பிடாமலே விட்டுவிடுவதுண்டு.

கீழேதான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா இருக்கும் வளாகத்தில் 1955 முதல் இயங்கும் உதகை அரசு கலைக் கல்லூரியும், கூடலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரியும், குன்னூரில் மகளிருக்கான பிராவிடன்ஸ் கல்லூரியும் மலையிலேயே இருக்கின்றன. இவற்றுக்கும் கோவையிலுள்ள பல கல்லூரிகளுக்கும் பட்டம் வழங்குவது ஒரே பாரதியார் பல்கலைக்கழகம்தான். வீட்டிலிருந்து போய்வர முடிகிற இடத்தில் விருப்பப் பாடம் கிடைத்தால், விடுதிக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அரசுக் கல்லூரி மாணவருக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டையும் உண்டு. நகரத்துக் கல்லூரி என்ற பெயருக்காக மட்டும் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரும்பிய பாடம் மேலே இல்லை என்றால் தயங்காமல் இறங்குங்கள்.

பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விக்கு விண்ணப்பிப்போர், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கான கட்டத்தை மறக்காமல் நிரப்ப வேண்டும்.

படி 4: வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள்

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை விரிவுபடுத்தப்பட்டுள்ளன. விண்ணப்பம் கல்லூரியில் சேர்ந்தபின் கல்லூரி வழியாகவே நடக்கும். நீங்கள் மலையில் முடிக்க வேண்டியது வங்கி வேலை.

ஆதார் வழியாக வரும் பணம், உங்களிடம் உள்ள கணக்குகளில் எது கடைசியாக ஆதாருடன் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த எண்ணைப் பார்த்துப் போகாது. பள்ளி உதவித்தொகைக்காக ஊர் வங்கியில் ஒன்று, தபால்காரர் வீட்டுக்கே வந்து தொடங்கிக் கொடுத்தது ஒன்று என இரண்டு கணக்கு வைத்திருக்கும் மாணவர்கள், "பணம் வரவில்லை" என்று பல மாதம் கல்லூரி அலுவலகத்தைச் சுற்றுவார்கள். பணம் மற்றொரு கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டு, அந்தப் புத்தகத்தையே கீழே எடுத்துச் செல்லுங்கள். காப்பாளர் பெயரோடு தொடங்கிய சிறார் கணக்கு என்றால், 18 வயது நிறைந்ததும் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 5: நகல் எடுங்கள்

மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்துவிட்டால் அது அங்கேயே இருக்கும். ஆகவே கொடுக்குமுன் ஐந்தாறு நகல் எடுத்துவிடுங்கள். ஒரு தொகுப்பு வீட்டில் இருக்கட்டும். மற்றொன்றை ஸ்கேன் செய்து கைபேசியில் வையுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து ஜூன் மழையில் அலமாரித் தாள்கூடப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், வீட்டுத் தொகுப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுப்படிப் பக்கத்துப் பரணில் வைப்பது நம் ஊர் வழக்கம்.

படி 6: பெட்டியைக் கட்டுங்கள்

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர் 400 மீட்டரைச் சற்றே தாண்டும். பருத்தி உடைகளும் தண்ணீர்ப் புட்டியும் போதும். ஊருக்குத் திரும்பும் நாளுக்காக ஒரே ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்தில் புழுக்கத்தால் தூக்கம் குறைவது இயல்பு.

படி 7: முதல் வாரத்தில் கேட்டறியுங்கள்

பாடத்திட்டம் ஐந்து பகுதிகளாக இருக்கும்: முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், மற்ற இரண்டும் சுற்றுச்சூழல் கல்வி, நாட்டு நலப்பணி போன்றவை. மூன்றாம் பகுதி மட்டுமே படிப்பு என்று நினைத்து முதலிரண்டில் அரியர் வைப்பவர்கள் ஏராளம். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் உட்காருபவர்கள், முதன்மைப் பாடத்தின் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிரே எழுதிய ஒரு நோட்டை வகுப்பு தொடங்குமுன்பே ஆரம்பித்துவிடலாம். பிளஸ் டூ புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் உள்ள கலைச்சொல் பட்டியலே அதற்குப் போதும்.

ராகிங் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். விடுதியில் எவராவது தொல்லை கொடுத்தால் காப்பாளரிடம் சொல்லுங்கள். அங்கே சொல்லத் தயக்கமாக இருந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி எண் 1800-180-5522 எந்நேரமும் இயங்குகிறது.

படி 8: ஊருக்கு வரும் நாட்களைக் கணக்கிடுங்கள்

தேர்வு எழுத 75 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும். ஒரு பருவத்தில் 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், அதிகபட்சம் 22 நாட்கள்தான் வராமல் இருக்க முடியும். இது நிறைய என்று தோன்றும். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை மலை ஏறி, ஞாயிறன்று இறங்க மனம் வராமல் திங்கள் மதியம் வந்து சேர்பவர்கள், வாரம் ஒரு நாள் வீதம் 15 முதல் 18 நாட்களை அதிலேயே தீர்த்துவிடுவார்கள். மீதமுள்ள நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் காய்ச்சலும், உறவினர் வீட்டுத் திருமணமும், மார்கழி வாக்கில் வரும் ஹெத்தையம்மன் பண்டிகையும் அடங்க வேண்டும். மாதம் ஒரு முறை ஊருக்கு வருவது என்று முதலிலேயே வீட்டில் பேசிவைத்துவிடுங்கள். அம்மாவுக்குத்தான் இது முதலில் கசக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும், மலை ரயில் நிறுத்தப்படுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. 2009 நவம்பரில் சாலையும் தண்டவாளமும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டன. அந்த மாதங்களில்தான் பருவத் தேர்வும் வருகிறது. எனவே நவம்பரில் தேர்வு அட்டவணை வெளியானபின் மலை ஏறாதீர்கள். அவசரமாக வந்தே ஆக வேண்டியிருந்தால், குன்னூர்ப் பாதை அடைபட்டாலும் கோத்தகிரி வழியாக இறங்க முடிகிறதா என்று கிளம்புமுன் பேருந்து நிலையத்தில் கேளுங்கள். இரண்டு வழியும் அடைபட்டால், அன்றைக்கே துறைத் தலைவருக்குத் தகவல் அனுப்பி, திரும்பிய முதல் நாளில் விடுப்புக் கடிதத்தோடு சாலை மூடப்பட்ட செய்தி வந்த நாளிதழ்ப் பக்கத்தையும் இணைத்துக் கொடுத்துவிடுங்கள்.