துகள்களை மெஷ்ஷாக்கும் பிளக்இன்: தேர்ந்தெடுக்கும் முறை

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மீது பக்தர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மெல்லிய இழையாகக் கிளம்பி, காற்றில் முத்து முத்தாகச் சிதறுகிறது. மதுரைக் கடைகளில் டம்ளருக்குள் ஊற்றும் ஜிகர்தண்டாவோ, பாதாம் பிசினோடு கெட்டியாக வழிந்து மெதுவாக அமிழ்கிறது. இரண்டையும் கணினியில் துகள்களாக உருவாக்கிவிடலாம். ஆனால் அத்துகள்களின் மேல் மெஷ் (சிறு முகங்களால் ஆன வலைப்பரப்பு) போர்த்தும்போது ஒன்றுக்குப் பொருந்தும் முறை மற்றொன்றைக் கெடுத்துவிடும். ஆகவே, இதற்காக 3டி மென்பொருளோடு இணைக்கும் கூடுதல் கருவியான பிளக்இன்னின் விலையைப் பார்ப்பதற்கு முன், நம் காட்சியில் வரும் திரவம் எந்த வகை என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கெட்டியான திரவத்துக்கு, துகள்களை ஒன்றோடொன்று கலந்து இணையும் உருண்டைகளாகக் கொள்ளும் மெட்டாபால் முறையே போதும். ஆனால் அதே முறையில் தண்ணீரைச் செய்தால், பரப்பு முழுவதும் சீத்தாப்பழத் தோல்போல மேடு பள்ளமாகத் தெரியும். ஆய்வாளர்கள் ஜூ, பிரிட்சன் இருவரும் 2005இல் வெளியிட்ட முறை அந்த மேடுகளைப் பெருமளவு சமப்படுத்துகிறது. பீய்ச்சும் நீரின் இழைகளும் தகடுகளும் வேண்டுமென்றால், ஒவ்வொரு துகளையும் அதன் அண்டைத் துகள்கள் பரவியிருக்கும் திசையில் நீட்டித் தட்டையாக்கும் அனைசோட்ரோபிக் முறைதான் ஏற்றது; கணக்கிடச் சற்று நேரம் பிடித்தாலும் காத்திருக்கத் தகுந்தது. 3டிஎஸ் மேக்ஸ், மாயா ஆகிய 3டி மென்பொருள்களில் இயங்கும் ஃப்ராஸ்ட் என்ற பிளக்இன், இம்மூன்று முறைகளையும் ஒரே இடத்தில் தருவதால் ஒப்பிட்டுப் பழக வசதியானது. உங்கள் மென்பொருள் பதிப்புக்கு அது கிடைக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹூடினி, பிளெண்டர் ஆகிய 3டி மென்பொருள்களில் இதற்கான கருவிகள் உள்ளேயே இருப்பதால், தனி பிளக்இன் வாங்க வேண்டிய தேவை பல நேரம் எழுவதேயில்லை.

திருவிழாக் காட்சி ஒன்றைச் செய்தபோது, அருகில் தடித்த நீர்த்தாரை அழகாக வந்தும், தொலைவில் சிதறிய துளிகள் மட்டும் மெஷ்ஷில் காணாமல் போயின. துகள்களைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்து இரண்டு நாள் வீணான பிறகே காரணம் விளங்கியது. வெளியைச் சிறு கனசதுரங்களாக (வாக்செல்களாக)ப் பிரித்துக் கணக்கிடும் ஓபன்விடிபி என்ற நிரல் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட கருவிகளில், ஆரம் 1.5 வாக்செலுக்குக் குறைந்த துகள்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே வழக்கமான இயல்பு அமைப்பு. வாக்செல் 1 செ.மீ. என்றால், 1.5 செ.மீ.க்குக் குறைந்த ஆரமுள்ள துளி எதுவும் மெஷ்ஷுக்குள் வராது. வாக்செலைப் பாதியாக்கினால் துளிகள் திரும்பும். ஆனால் பரப்பை ஒட்டிய வாக்செல்கள் ஏறத்தாழ நான்கு மடங்காகும், நினைவகமும் அதற்கேற்ப நிரம்பும். அதனால் தனித்துப் பறக்கும் துளிகளைப் பிரித்தெடுத்து, மெஷ்ஷில் சேர்க்காமல் சிறு உருண்டைகளாகவே ரெண்டர் செய்வது (இறுதிப் படமாக்குவது) நல்லது. இப்படிப் பிரிக்க வசதியில்லாத பிளக்இன்னை நான் எடுப்பதில்லை.

அடுத்து, மோஷன் பிளர், அதாவது வேகமாக அசைவது படத்தில் மங்கித் தெரிவது. துகள் மெஷ்ஷின் முனைகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் எண்ணிக்கையிலேயே மாறுவதால், முந்தைய ஃபிரேமோடு ஒப்பிட்டு அசைவைக் கண்டுபிடிக்க ரெண்டரரால் இயலாது. துகளின் வேகத்தை முனைகளுக்கு ஏற்றித் தரும் மெஷ்ஷர்தான் வேண்டும். வாக்செல்களை மெஷ்ஷாக்கும் பிளெண்டரின் வால்யூம் டு மெஷ் நோடில் இது தானாக வருவதில்லை. அருகிலுள்ள துகளிடமிருந்து வேகத்தை எடுத்து நாமே பதிய வேண்டும்.

சோதிக்கும்போது ஒரு ஃபிரேமை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தண்ணீர் மிக அதிகமாகச் சிதறும் இடத்தில் தொடர்ச்சியாகப் பத்து ஃபிரேம்களை மெஷ்ஷாக்கி, சாம்பல் நிறத்தில் ஓட்டிப் பாருங்கள். நிலைப்படத்தில் மாசற்றுத் தெரிந்த பரப்பு ஓடும்போது துடிக்கிறதா, மெல்லிய தகடு ஒரு ஃபிரேமில் கிழிந்து அடுத்ததில் ஒட்டிக்கொள்கிறதா என்பது அப்போதுதான் புலப்படும். அந்தப் பத்துக்கும் ஆன நேரத்தையும் நினைவகத்தின் உச்ச அளவையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கட்டணப் பிளக்இன் என்றால், ரெண்டர் செய்யும் ஒவ்வொரு கணினிக்கும் தனி உரிமம் தேவையா என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.