காசில் நாணயச்சாலைக் குறி பார்க்க சாய்ந்த வெளிச்சம் போதும்

நாணயத்தை மேசையில் படுக்க வைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, வருடத்துக்குக் கீழே பாருங்கள். எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் சின்னக் குறி அங்கேதான் இருக்கும். மேலிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் தெரியாத குறி அப்போது பளிச்சென்று தெரியும்.

குறி உலோகத்தில் மேடாக இருப்பதால், சாய்ந்த வெளிச்சத்தில் அதற்கு நிழல் விழுகிறது. டைமண்ட் என்றால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஏமாற்றுவது இந்தப் புள்ளிதான், அழுக்கும் அதே மாதிரி தெரியும். டார்ச்சை எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். நிழலும் பக்கம் மாறினால் அது மேடு. மாறாவிட்டால் வெறும் கறை. பொள்ளாச்சி, ஈரோடு சந்தைச் சில்லறையில் மஞ்சளும் எண்ணெயும் ஒட்டியே வரும் என்பதால் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சேகரிப்பாளர்களிடம் மதிப்பு போய்விடும்.

கொல்கத்தா நாணயத்தில் குறியே கிடையாது. அதனால் குறி இல்லாதபோது வருடத்தின் எண்களைப் பாருங்கள். அவை கூர்மையாக இருந்தால் கொல்கத்தா என்று கொள்ளலாம். எண்களே மழுங்கியிருந்தால் முடிவு கட்ட வேண்டாம். பிரிட்டிஷ் காலக் காசுகளுக்கு இது சரிவராது. அவற்றில் பலவற்றுக்குக் குறி வேறு இடத்தில் இருக்கும். 1980களில் வெளிநாட்டில் அச்சடித்து வந்த சில ரூபாய்களின் குறிகளும் வேறு, 1985 ஒரு ரூபாயில் வரும் ‘எச்’ எழுத்து பர்மிங்காமைக் குறிக்கும்.