பிளாக்லெட்டர் எழுத்துருவை எப்படிப் பயன்படுத்துவது?

சான்றிதழ், பீர் லேபிள், மெட்டல் இசைக்குழுவின் லோகோ என எங்கெல்லாம் ஆங்கிலத் தலைப்பு பழமையும் கம்பீரமுமாகத் தெரிய வேண்டுமோ, அங்கெல்லாம் பிளாக்லெட்டர் எழுத்துரு, அதாவது இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் பாணியில் தடித்த கோடுகளால் ஆன எழுத்துரு, அருமையாகப் பொருந்தும். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பெயர் இன்றும் இந்தப் பாணியில்தான் இருக்கிறது. 1455 வாக்கில் குட்டன்பர்க் அச்சிட்ட பைபிளும் இதே குடும்பம்தான்.

ஆனால் தலைப்பு முழுவதையும் கேப்பிட்டல் எழுத்தில் அடித்துவிடாதீர்கள். இதன் கேப்பிட்டல்கள் வளைவும் சுழிப்புமாகத் தனித்து நிற்க வரையப்பட்டவை. அடுத்தடுத்து வைத்தால் வாசிக்கவே முடியாது. சொல்லின் முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டல், மீதியெல்லாம் ஸ்மால் லெட்டர். எழுத்துகளின் இடைவெளியையும் கூட்ட வேண்டாம். நெருங்கி நிற்கும் செங்குத்துக் கோடுகள்தான் இதன் அழகே. அதே நெருக்கத்தால் ஐ, எம், என், யூ தொடர்ந்து வரும் சொற்கள் குழம்பிப்போகும். 'மினிமம்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், கம்பி வேலி மாதிரி இருக்கும்! அப்படிப்பட்ட பெயர் என்றால் வேறு எழுத்துருவுக்குப் போய்விடுவதே நல்லது.

அப்புறம், தலைப்புக்குக் கீழே வரும் விவரங்களுக்கு எளிய செரிஃப் (எழுத்தின் முனைகளில் சிறு கோடுகள் கொண்ட) எழுத்துரு போதும். கூகுள் ஃபான்ட்ஸில் யூனிஃபிராக்டூர் மகுன்டியா, பைரேட்டா ஒன் என்ற பிளாக்லெட்டர் எழுத்துருக்கள் இரண்டும் இலவசம்.