பிளேரைட்டில் அட்டவணைக் கலங்களைச் சோதிப்பது எப்படி?

பிளேரைட் என்பது இணையப் பக்கங்களைத் தானாகச் சோதிக்க உதவும் மென்பொருள் கருவி. இணையப் பக்க அட்டவணையில் "மூன்றாவது வரிசை, நான்காவது நெடுவரிசை" என்று எண்ணால் இடத்தைக் குறித்து எழுதிய சோதனை, யாரேனும் அதற்கு முன்னால் புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்த அன்றே உடைந்துவிடும். ஆகவே, பில்களின் அட்டவணை ஒன்றை எடுத்துக்கொண்டால், "தொகை" என்ற தலைப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை நிரலே கண்டறியட்டும். பிறகு பில் எண்ணைக் கொண்டு உரிய வரிசையைத் தேடி, இரண்டும் சந்திக்கும் கலத்தை எடுங்கள். பிளேரைட்டின் உரை வடிகட்டி பகுதிப் பொருத்தத்தையும் ஏற்பதால், 101 என்று தேடினால் 1012 உள்ள வரிசையும் சேர்ந்து வரும். எனவே பில் எண் கலத்தில் முழுப் பொருத்தத்தையே கேளுங்கள்.

தரவு சர்வரிலிருந்து தாமதமாக வரும் பக்கங்களில் கூடுதல் கவனம் தேவை. எல்லா வரிசைகளையும் பட்டியலாக எடுக்கும் கட்டளை காத்திருப்பதில்லை என்பதால், வெற்று அட்டவணையில் ஓடிய லூப் (வரிசைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் சுழற்சி) எதையுமே சரிபார்க்காமல் சோதனையைத் தேர்ச்சி என்று காட்டிவிடும்; தோல்வியைவிட இதுவே ஆபத்தானது. முதலில் வரிசைகளின் எண்ணிக்கையை உறுதிசெய்யுங்கள். அந்தச் சரிபார்ப்பு இயல்பாகவே 5 விநாடி வரை மீண்டும் மீண்டும் முயலும்.

"₹1,25,000.00" போன்ற தொகைகளைக் கூட்டிப் பார்க்க வேண்டுமானால், ரூபாய்க் குறியையும் காற்புள்ளிகளையும் நீக்கிய பின்னரே எண்ணாக மாற்றுங்கள்.