ஆல்ப்ஸில் உயரமான பனிச்சறுக்கு ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும், சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்ட்டுகளில் உச்சியிலுள்ளதன் உயரமே. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இரவு தங்கும் ஊரின் உயரம். பிரான்சின் வால் தொரான்ஸ் ஊரே 2,300 மீட்டரில் இருப்பதால், ஏப்ரலிலும் விடுதி வாசலிலிருந்தே சறுக்கிச் செல்லும் வாய்ப்பு அதிகம். சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஏறத்தாழ 1,600 மீட்டரில் இருந்தாலும், அதன் கேபிள் கார் 3,883 மீட்டர் வரை ஏறுகிறது.

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கடல்மட்டத்திலேயே மூச்சுவிட்டுப் பழகிய நமக்கு, 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் தூக்கமின்மையும் வரக்கூடும். ஆகவே முதன்முறை செல்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு செல்பவர்கள், 2,000 மீட்டருக்குக் கீழே தங்கி, பகலில் மட்டும் மேலே சென்று வருவது நல்லது; ஆஸ்திரியாவின் ஓபர்கூர்கல் இதற்குப் பொருந்தும்.

மரங்களே வளராத உயரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: மேகம் இறங்கிவிட்டால் வானும் தரையும் ஒரே வெள்ளையாகி, காலடியிலுள்ள மேடுபள்ளம்கூடத் தெரியாது. சறுக்குப் பாதைகளின் வரைபடத்தில் பிரான்சில் பச்சையும், மற்ற இரு நாடுகளில் நீலமும் எளிய பாதைகளைக் குறிக்கும்.

வண்ணாரப்பேட்டையில் வாங்கிய ஸ்வெட்டரை உள்ளே போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கு மேல் நீர்புகாத அங்கி இல்லாவிட்டால், இரண்டு முறை விழுந்து எழுவதற்குள் நனைந்துவிடும். சறுக்குக் கட்டைகளையும் பூட்ஸையும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.