எட்டுக் குரங்கும் ஒரு பூதமும்: முதல்முறை கேம் மாஸ்டர் ஆகிறவர் சண்டையை எடை போடுவது எப்படி

பத்துமலைக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்த 272 படிகளில் ஒரு குரங்கு எதிரே வந்தால் பழப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்துவிடலாம். எட்டுக் குரங்கு சேர்ந்து வந்தால் கதையே வேறு. ஒன்றை அதட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பையைப் பிடித்துவிடும், மூன்றாவது கையிலிருந்த பாட்டிலைப் பறித்துக்கொண்டு படியேறிவிடும். குரங்குக்கு நம்மைவிடப் பலம் இருப்பதால் அப்படி நடப்பதில்லை. நமக்கு இரண்டு கை, அவற்றுக்குப் பதினாறு கை, அவ்வளவுதான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி பகடை உருட்டிக் கதை சொல்லும் விளையாட்டுகளில் அரக்கர் சண்டை அமைக்கும்போது முதலில் பிடிபட வேண்டியது இந்தக் கைக்கணக்குதான். எனக்கு அது தாமதமாகப் பிடிபட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டு ஹாலில் முதன்முதலாக கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்தி அரக்கர்களை ஆட்டுவிப்பவனாக, உட்கார்ந்தபோது, கைவிடப்பட்ட பால்மரத் தோட்டத்தின் பழைய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) கதையைத் தொடங்கி, முதல் சண்டையிலேயே எட்டு தோயோல்களை இறக்கிவிட்டேன். (கையேட்டில் உள்ள கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்குப் பதிலாக நம்மூர் தோயோல், அதாவது எசமானுக்காகப் பணம் திருடும் குட்டிப் பேய். எண்கள் அதேதான், பெயரையும் தோற்றத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டேன். இதை நீங்களும் தாராளமாகச் செய்யலாம், தோயோல் என்றதுமே மேசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.) மூன்றாவது ரவுண்டு (எல்லோரும் ஒருமுறை ஆடி முடிக்கும் சுற்று) முடிவதற்குள் நாலு பேரில் மூன்று பேர் விழுந்துவிட்டார்கள். விசார்டாக, அதாவது மந்திரவாதியாக, விளையாடிய நண்பரின் தங்கை தன் முதல் டர்ன் (ஆடும் முறை) வருவதற்கு முன்பே விழுந்தாள். கிளம்பும்போது, "ஒரு மந்திரம்கூடப் போடலண்ணா" என்றாள். மூன்று நாள் உட்கார்ந்து தன் கதாபாத்திரத்துக்குக் கதை எழுதிக்கொண்டு வந்தவள் அவள். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் நான் கணக்கைக் கையில் எடுத்தேன்.

முதல் படி: அரக்கனைப் பார்க்கும் முன் ஆட்களைப் பாருங்கள்

ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள்: எத்தனை பேர், எந்த லெவல், ஒவ்வொருவருக்கும் எத்தனை ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண், தீர்ந்தால் விழுவார்), ஆர்மர் கிளாஸ் எவ்வளவு (அவர்மேல் அடி பட எதிராளியின் பகடை எட்ட வேண்டிய எண்). முதல் லெவலில் ஒரு சாதாரண குழுவின் ஹிட் பாயிண்ட் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஃபைட்டர் (போர்வீரர்) 12, கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) 10, ரோக் (திருட்டுக்கலை தெரிந்தவர்) 9, விசார்ட் 7. கூட்டினால் 38. இந்த 38-தான் உங்கள் முதலீடு, மீதிக் கணக்கெல்லாம் இதற்கு எதிரே வைத்துப் பார்ப்பதுதான்.

இரண்டாம் படி: பட்ஜெட்

ஒவ்வொரு அரக்கனுக்கும் எவ்வளவு கடினமானவன் என்று காட்ட சேலஞ்ச் ரேட்டிங் என்று ஒரு எண் உண்டு, அதற்கேற்ற எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) உண்டு. கால் ரேட்டிங் என்றால் 50, அரை என்றால் 100, ஒன்று என்றால் 200, இரண்டு என்றால் 450. 2024-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டின்படி (கேம் மாஸ்டருக்கு அங்கே அந்தப் பெயர்) முதல் லெவல் ஆள் ஒருவருக்கு லேசான சண்டை 50, நடுத்தரம் 75, கடினம் 100. நாலு பேர் என்றால் 200, 300, 400. வாங்க வேண்டிய அரக்கர்களின் எக்ஸ்பியைக் கூட்டி அதற்குள் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் விதி.

2014 கையேட்டில் கணக்கு வேறு. அங்கே எளிது 25, நடுத்தரம் 50, கடினம் 75, உயிராபத்து 100. அதோடு அரக்கர்கள் அதிகமானால் மொத்தத்தைப் பெருக்க வேண்டும்: இரண்டு என்றால் ஒன்றரை மடங்கு, மூன்றிலிருந்து ஆறு வரை இரண்டு மடங்கு, ஏழிலிருந்து பத்து வரை இரண்டரை மடங்கு. புதிய கையேட்டில் இந்தப் பெருக்கல் கிடையாது.

இதனால் என்ன ஆகிறது பாருங்கள். தோயோல் ஒன்றுக்கு 50. நாலு தோயோல் 200. புதிய கணக்கில் இது லேசான சண்டை. பழைய கணக்கில் 200-ஐ இரண்டால் பெருக்கி 400, அதாவது உயிராபத்து. ஒரே சண்டைக்கு இரண்டு கையேடு இரண்டு பெயர் வைத்திருக்கிறது. எட்டு தோயோல் என்றால் புதிய கணக்கில் சரியாக 400, "கடினம்" என்ற கோட்டைத் தாண்டவே இல்லை. பழையதில் 1000. என் லயத்துச் சண்டை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லிவிட்டேன். ஆகவே கூட்டலுக்குப் புதிய அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள், எளிதாக இருக்கிறது, ஆனால் முதல் இரண்டு லெவல் முடியும்வரை அரக்கர்களின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: டர்ன்களை எண்ணுங்கள்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும், மற்றதை வேகமாகப் படித்தாலும் பரவாயில்லை. இனி நான் சொல்லும் அரக்கர் எண்கள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5.1 விதித்தொகுப்பில் இருப்பவை, யாரும் இறக்கிப் பார்க்கலாம்.

கோப்ளினுக்கு ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பாயிண்ட் 7. உங்கள் ஆள் தாக்கும்போது 5 கூட்டுகிறார் என்றால் 20 முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 55 சதவீதம். நாலு பேர் அடித்தால் ஒரு ரவுண்டில் இரண்டு அடி சொச்சம் படும், படும் அடியெல்லாம் கொல்லாது, ஆக ரவுண்டுக்கு ஒன்றரை தோயோல் சாகும் என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்ப்பக்கம் தோயோல் 4 கூட்டித் தாக்குகிறது, ஆர்மர் கிளாஸ் 14 உள்ளவர் மேல் அதற்கும் 55 சதவீதம், பட்டால் சராசரி ஐந்தரை. டர்ன் ஒன்றுக்குச் சராசரியாக 3 ஹிட் பாயிண்ட் போகும்.

நாலு தோயோல் முந்திக்கொண்டால் முதல் ரவுண்டில் 4 டர்ன், அடுத்து இரண்டரை, அடுத்து ஒன்று. மொத்தம் ஏழரை டர்ன், 23 ஹிட் பாயிண்ட் சேதம். 38-இல் 23 போனால் மூச்சு வாங்கும், ஒருவர் விழலாம், ஆனால் ஜெயிப்பார்கள். எட்டு தோயோல் என்றால் 8, ஆறரை, 5, மூன்றரை, 2, அரை. மொத்தம் இருபத்தைந்தரை டர்ன், 76 ஹிட் பாயிண்ட். இதுவும்கூட நம் ஆட்கள் யாரும் விழாமல் கடைசிவரை அடித்துக்கொண்டே இருந்தால்தான். எண்ணிக்கை இரண்டு மடங்கானபோது சேதம் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது, ஏனென்றால் கூட்டம் பெரிதாகும்போது ஒவ்வொன்றும் அதிக நேரம் உயிரோடிருந்து அதிக முறை அடிக்கிறது.

அதே எட்டை நாலு நாலாகப் பிரித்து, முதல் நாலு விழுந்த பிறகு மீதி நாலு மேற்கூரையிலிருந்து குதிக்கட்டும். ஏழரையும் ஏழரையும் பதினைந்து டர்ன், 45 ஹிட் பாயிண்ட். முதல் லெவலுக்கு இன்னும் அதிகம்தான், ஆனால் 76 எங்கே 45 எங்கே. பெரிய கூட்டம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அலையலையாக விடுங்கள்.

எக்ஸ்பி ஒன்றாக இருந்தால் ஆபத்தும் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஓநாய்க்கும் 50-தான். ஆனால் அதன் ஹிட் பாயிண்ட் 11, பக்கத்தில் தோழன் நின்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும், 55 சதவீதம் ஏறக்குறைய 80 ஆகிவிடும், கடி சராசரி 7. டர்னுக்கு ஐந்தரைக்கு மேல் சேதம், தோயோலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விதித்தொகுப்பில் ஒவ்வொரு அரக்கனின் எண்களுக்குக் கீழே வரும் சிறிய எழுத்துப் பத்தியைக் கட்டாயம் படியுங்கள்.

நான்காம் படி: பெரிய அடியைச் சின்ன ஆளோடு ஒப்பிடுங்கள்

அப்படியானால் ஒரே ஒரு பெரிய பூதம் போதுமே என்று அடுத்ததாகத் தோன்றும். ஓகர் என்ற பூதத்துக்கு 59 ஹிட் பாயிண்ட், ஆர்மர் கிளாஸ் வெறும் 11, நாலு பேர் சுற்றி நின்று அடித்தால் மூன்று ரவுண்டில் விழுந்துவிடும். ஆனால் அதன் தடி இரண்டு எட்டுமுகப் பகடையும் 4-ம். சராசரி 13. நம் ஃபைட்டருக்கே 12-தான் இருக்கிறது. விசார்டுக்கு 7: விழுந்த பிறகு மிச்சமிருக்கும் சேதம் அவருடைய முழு ஹிட் பாயிண்டுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் உயிர் பிழைக்கும் பகடைகூட உருட்ட முடியாது, அங்கேயே மரணம். அதாவது 14 சேதம் போதும். ஓகரின் அடி பட்டால் 64-இல் 28 தடவை அது நடக்கும். எக்ஸ்பியும் 450, பட்ஜெட்டையே தாண்டுகிறது.

இதே பூதத்தை மூன்றாம் லெவலில் கொண்டுவாருங்கள். விசார்டுக்கு 17 இருக்கும், ஒரு சராசரி அடி வாங்கியும் நிற்பார், "ஐயோ இன்னொன்று தாங்காது" என்று அவரே கத்துவார், அந்தக் கத்தல்தான் நமக்கு வேண்டியது. விதி எளிது: அரக்கனின் சராசரி அடி, குழுவில் மிகக் குறைந்த ஹிட் பாயிண்டைவிடக் குறைவாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: அதற்கு என்ன வேண்டும்?

தோயோலுக்குப் பணம் வேண்டும், எசமானிடம் கொண்டுபோய்க் கொடுக்க. புலிக்குப் பசி. இரண்டுமே கடைசி மூச்சுவரை போராட வேண்டிய அவசியம் இல்லை. பாதிக் கூட்டம் விழுந்தால் மீதி ஓடும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். நாலு தோயோலில் இரண்டு செத்ததும் மற்ற இரண்டும் சுருக்குப்பையைப் பிடுங்கிக்கொண்டு மரங்களுக்கிடையே மறைந்தால், மூன்றாம் ரவுண்டின் சேதம் கழிந்துபோகிறது, அடுத்த வாரத்துக்குக் கதையும் கிடைத்துவிடுகிறது. ஆட்களுக்கும் ஒரு வழி வையுங்கள்: சில்லறையை வீசினால் தோயோல்கள் ஒரு டர்ன் பொறுக்கப் போகும் என்பதைச் சண்டைக்கு முன்பே ஒரு கிழவி வாயால் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: இடம்

இடம் கணக்கை மாற்றும். வெட்டவெளியில் நாலு ஓநாயும் நாலு பக்கம் சூழும், லயத்தின் குறுகிய வாசலில் ஒன்றுதான் கடிக்க முடியும். மரத்தின் பின்னால் பாதி மறைந்தவருக்கு ஆர்மர் கிளாஸ் 2 கூடும், இரு பக்கத்துக்கும் அது பொருந்தும். முதல் லெவலில் அரக்கர்கள் மறைந்திருந்து பாய்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது அவர்களுக்கு நீங்களே இலவசமாகக் கொடுக்கும் டர்ன் மாதிரி.

மேசையில் உட்கார்ந்த பிறகு

எவ்வளவு கணக்குப் போட்டாலும் பகடை தன் இஷ்டத்துக்குத்தான் விழும். விழுந்த எண்ணைத் திரைக்குப் பின்னால் மாற்றிச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த வெற்றியையும் அவர்கள் நம்பமாட்டார்கள். மாற்ற வேண்டியதைச் சண்டைக்கு முன்பே மாற்றக்கூடியதாக வைத்துக்கொள்ளலாம். கோப்ளினின் 7 என்பது இரண்டு ஆறுமுகப் பகடையின் சராசரி, 2-லிருந்து 12 வரை எதை வைத்தாலும் விதிக்கு உட்பட்டதே. இரண்டாவது அலை வருமா வராதா என்பதும் உங்கள் கையில். முதல் அலையே நசுக்கிவிட்டது என்றால் இரண்டாவது வரவேண்டாம், யாருக்கும் தெரியப்போவதில்லை, அது இன்னும் கதைக்குள் வரவே இல்லையே.

சண்டை முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை ரவுண்டு, யார் விழுந்தார், யாருக்கு எத்தனை டர்ன் கிடைத்தது. அடுத்த சண்டைக்கு எந்தக் கையேட்டையும்விட இந்தப் பக்கம் துல்லியமாக வழிகாட்டும், ஏனென்றால் இது உங்கள் ஆட்களின் கணக்கு. அந்த லயத்துக்கு நாங்கள் மறுபடியும் போனபோது நாலு தோயோல் வைத்தேன், பாதி விழுந்தால் ஓடும் என்ற குறிப்போடு. நோட்டில் இருப்பது இதுதான்: மூன்று ரவுண்டு. ரோக் விழுந்தார், கிளெரிக் எழுப்பினார். விசார்டுக்கு மூன்று டர்ன், இரண்டு மந்திரம்.